மூன்று நாள் வெயில்

மொராக்கோவின் வெயில் முழுவதையும் ஐரோப்பாவுக்கு விற்றாகிவிட்டது. அகாதிர் ஊருக்கு மேலே கூரை போட்டதுபோல் சோலார் பலகைகள். சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும், துக்கம் காக்கும் மூன்று நாளுக்குப் பலகைகளை மடக்கி வெயில் விடுவார்கள்.

பலகை துடைக்கும் வேலைக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்தவன் பெர்க்மான்ஸ். அவன் மனைவி எமரன்சியா ஒரு கூடைச் சாளை மீனை உப்பிட்டு வைத்துவிட்டு வெயிலுக்குத் தவித்தாள். கருவாட்டுக்கும் மூன்று நாள் வெயில்தான் கணக்கு. துக்க மனுவைப் போட்டுவிட்டாள்.

“ஏட்டி, விசாரிக்க ஆள் வருவான். பொய்யின்னு தெரிஞ்சா என் வேலை போயிரும்.”

“நான் எதுக்குப் பொய் சொல்லுதேன்? மாதா சத்தியமா உள்ளதத்தான் சொல்லுவேன்.”

அதிகாரி இத்ரிஸ் வந்தார். அவர் பேசிய அரபு, அவள் காதில் மாட்டியிருந்த கருவியில் செந்தமிழாக விழுந்தது.

“எப்படி நேர்ந்தது அம்மா?”

“கடல்லதான்யா. வலையில சிக்கிட்டு.”

“நெருங்கிய உறவா?”

“பொறந்ததுலேர்ந்து ஒரே சோத்துத் தட்டு. இங்க வந்த ரெண்டு வருஷமா அதே நெனப்புதான்.” சொல்லிவிட்டு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து வாடை வந்தது. இத்ரிஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

“உடல் இன்னும் வீட்டில்தானா?”

“உள்ளதான் கெடக்கு. வந்து பாக்கீயளா?”

“வேண்டாம் அம்மா. மூன்று நாள் போதாது, ஆறு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.”

அவர் தெருமுனை திரும்பும்வரை எமரன்சியா தலையைக் குனிந்தே நின்றாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“இந்தாங்க, ஆறு நாளாம். போய் நெத்திலியும் வாங்கிட்டு வாங்க.”