ஆராயி வெட்டின பாத்தி

"இந்தப் பாத்திய யாரும் தொடாதீங்க. ஆராயி வெட்டிட்டுப் போயிருக்கா" என்றாள் சரசு.

மருமகள் எழிலரசி சட்டென்று பின்வாங்கினாள். ஆராயி ஐப்பசியிலேயே செத்துப்போனவள்!

மார்கழிப் பனியில் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகள் முழுசாகத் தெரியவில்லை. பெண்கள் களை வெட்ட வந்து சேருமுன்பே ஒரு பாத்தியில் மட்டும் களை சுத்தமாக வெட்டிக் கிடந்தது.

"நேத்து நம்ம உண்ணாமலை கொல்லையிலயும் இப்படித்தான். மாடு ஓட்டிட்டுப் போன காசி கண்ணால பாத்தானாம். ஆராயியோட பச்சைப் புடவை, முக்காடு. கூப்புட்டா திரும்பவே இல்லையாம்."

"செத்தவ எதுக்கு அத்தை களை வெட்ட வரணும்?"

"மாத்தாளுக்குத்தான்."

"அப்படின்னா?" எழிலரசி டவுனில் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி வந்த புதுசு.

"கூலி கெடையாது. இன்னைக்கு நீ என் கொல்லைக்கு, நாளைக்கு நான் உன் கொல்லைக்கு. ஆளுக்கு ஆள் மாத்திக்கறதால மாத்தாள். அவ வந்துட்டா. நாம அவ கொல்லைக்குப் போகலன்னா சும்மா விடுவாளா?"

மற்ற பெண்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆராயியின் புருஷன் சுப்பன் ஒண்டியாக அல்லாடுகிறார். அவர் கொல்லையைக் களை மூடிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் விட்டால் பயிர் போச்சு. அந்த மனுஷனுக்காகப் போக மாட்டார்களாம், பேய்க்குப் பயந்துதான் போவார்களாம். என்ன ஜனங்களோ!

மறுநாள் சரசுவின் கொல்லை முறை. பார்த்தே விடுவதென்று பொழுது விடியும்போதே எழிலரசி தனியாகப் போனாள்.

பனிக்குள் சதக், சதக்கென்று களைக்கொத்துச் சத்தம். பச்சைப் புடவை குனிந்து நகர்ந்தது. எழிலரசியால் ஓடக்கூட முடியவில்லை.

அது இருமியது. முக்காடு சரிந்தது. மீசை!

பாதி வழியில் வந்துகொண்டிருந்த பெண்களிடம் மூச்சிரைக்க ஓடினாள். "அத்தை! பேயுமில்ல, ஒண்ணுமில்ல! அது சுப்பன் மாமா!"

சரசு அவள் வாயைப் பொத்தினாள். "கத்தாதடி. எங்க எல்லாருக்கும் மொத நாளே தெரியும்."

"பின்ன எதுக்கு இந்த நாடகம்?"

"சும்மா வந்து வெட்டித் தர்றோம்னு சொன்னோம். 'என் வூட்டு ஆள் உங்க கொல்லைக்கு வராம எவளும் என் வரப்புல கால் வைக்கக் கூடாது'ன்னு தொரத்திட்டான். ஆம்பள களை வெட்டினா ஊரு சிரிக்கும்னு வெக்கம் வேற. அதான் பொண்டாட்டி புடவையைச் சுத்திக்கிட்டு வர்றான், பாவம். ஆராயி வந்ததா நாம சொன்னாத்தான் நம்மள அவன் கொல்லைக்குள்ள விடுவான்."

கொல்லையோரம் நின்று சரசு குரல் கொடுத்தாள். "ஆராயி, போதும்மா. நாளைக்கு உன் கொல்லைக்கு நாங்க அத்தனை பேரும் வர்றோம்."

பனிக்குள் சத்தம் நின்றது. யாரோ விசும்புவது கேட்டது.

எழிலரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள். "ஆராயிக்கா, நானும் ஒரு ஆளு!"