அலிஃபில் இல்லாத வார்த்தை

அரபு அகராதியைத் திருப்பித் தர வந்த பேராசிரியர் யாசினிடம், அந்தக் கோயமுத்தூர் கல்லூரியின் நூலக உதவியாளர் அன்புச்செல்வி ஒரு படத் தபாலட்டையை நீட்டினாள். பின்பக்கம் அரபியில் ஒரே ஒரு வார்த்தை.

"இது அகராதியில இல்லீங்களே சார்?"

"எங்கே தேடினீங்க, அம்மணி?"

"முதல் எழுத்து அலிஃப்தானுங்களே? அலிஃப்லதான் தேடினேன்."

அவர் சிரித்தார். "உங்க நூலகப் பழக்கம்! அரபு அகராதியில முதல் எழுத்தைத் தேடக் கூடாது, வேரைத் தேடணும். இதுல முன்னால 'நான்', பின்னால 'உன்னை', நடுவுல ஒரு எழுத்து ஒட்டியிருக்கு. எடுத்துட்டா மிச்சம் மூணு எழுத்து: நூன், ளா, ரா. இதோ, நூன்ல இருக்கு பாருங்க. அந்த வேரோட அர்த்தம் 'பார்க்கிறது'. காத்திருக்கிறதும் அதுலேருந்து வந்ததுதான். நாமளும் 'வழி பார்த்துட்டு இருக்கேன்'னு சொல்றோமில்ல?"

"அப்போ இதுக்கு?"

"'உனக்காகக் காத்திருக்கிறேன்.' சீக்கிரம் பதில் போடுங்க, பாவம்!"

அன்புச்செல்வி சிரிக்கவில்லை.

"எனக்கு வந்ததில்லீங்க சார், எங்கக்காவுக்கு. அக்காவை விரும்பினவரு, துபாய் போயிட்டாரு; எங்கப்பா கையில கிடைச்சாலும் புரியக் கூடாதுன்னு அரபியில எழுதினாரு. தொண்ணூத்திரண்டுல வந்ததுங்க, அஞ்சு வருசமாச்சு. அக்கா எங்கிட்டத்தான் அர்த்தம் கேட்டுச்சு. அப்பவே இந்த அகராதியில அலிஃப்ல தேடிட்டு, 'அப்படியொரு வார்த்தையே இல்ல, உன்னைக் கேலி பண்றான்'னு சொல்லிப்போட்டேனுங்க. அடுத்த தையிலேயே அப்பா பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிருச்சு."

யாசின் அகராதியை மெல்ல மூடினார். "துபாய் போனவரு?"

"நேத்துத்தான் ஊருக்கு வந்தாருங்க. இன்னும் கல்யாணம் பண்ணிக்கலையாமுங்க."