இலைகள் பார்க்கும் புள்ளி

புதிதாகக் கட்டவிருக்கும் அரங்கத்தின் வரைபடத்தில், கூரை வளைவில் எஸ்தர் பதித்த தகர இலைகள், கணினித் திரையில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பியே அவளுக்குக் கண் பூத்துப்போனது. நேற்று வேலைக்குச் சேர்ந்த வாசவி மௌஸை வாங்கி, கூரைக்கு மேலே ஒரு புள்ளி வைத்தாள். அத்தனை இலைகளும் சட்டென்று அதைப் பார்த்துத் திரும்பின.

"எல்லாம் இதையேதான் பாக்கணும்னு சொல்லிட்டேன்க்கா, அவ்ளோதான்."

அலுவலகமே கூடி நின்று வாசவியைக் கொண்டாடியது. எஸ்தருக்கு வயிறு எரிந்தது. வாசவி டீ குடிக்கப் போனதும் அந்தப் புள்ளியை அழித்தாள். இலைகள் பழையபடி முறுக்கிக்கொண்டன. அப்பாடா என்றிருந்தது.

வாசலில் வாசவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சுழல் நாற்காலிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. திரும்பவே கூடாது என்று எஸ்தர் பல்லைக் கடித்தாள். கழுத்து கேட்கவில்லை.