கோச் வீட்டுப் புல்தரை

ஹோலிஸ் சுத்தியலால் ரெண்டு அடி அடித்ததும் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 'வீடு விற்பனைக்கு' என்று அதில் பெரிய சிவப்பு எழுத்து.

"தபால் பெட்டிப் பக்கமா நட்டு வைங்க, ஹோலிஸ். அங்கதான் மண்ணு இளக்கமா இருக்கும்."

அந்த வீட்டுக்காரி லொரீன் வாசலில் நின்றிருந்தாள், ரெண்டு கையிலும் காப்பிக் குவளை. ஹோலிஸ் ஒன்றும் வீட்டுத் தரகர் இல்லை, டயர் கடைக்காரர். லொரீனின் புருஷன் ஹாஸ்கெட்தான் எங்கள் பெல்ஃபர்ட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு, அதுதான் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுகிற ஆட்டம், கோச். முந்தின நாள் சனிக்கிழமை, ஆற்றுக்கு அக்கரைக் கால்டர் கல்லூரியிடம் மறுபடியும் தோற்றிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கோச் தோற்றால் அவர் வீட்டுப் புல்தரையில் இந்தப் பலகை முளைத்துவிடும். மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். போலீசும் கண்டுகொள்ளாது; போன வருஷம் போலீஸ் தலைவரே ஒன்று நட்டுவிட்டுப் போனார்.

லொரீன் வழக்கமாகத் திங்கட்கிழமை அதைப் பிடுங்கி கார் கொட்டகையில் போட்டுவிடுவாள். இன்றைக்கு என்னவோ, குவளைகளைக் கீழே வைத்துவிட்டுக் கம்பை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, மிஸ் லொரீன்" என்றார் ஹோலிஸ்.

"அது தெரியும். நீங்க அடிங்க."

அடிக்கு ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டே வந்தார் ஹோலிஸ். பந்தை முன்னே கொண்டுபோகக் கடைசி வாய்ப்பு, ரெண்டே கெஜம்தான் பாக்கி. சர்ச்சில் பாடுகிற பெண்களை நிறுத்தியிருந்தால்கூடத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். கோச்சோ பந்தை உதைக்கச் சொல்லி எதிராளி கையில் கொடுத்தார். ஓடிப்போய்ப் பந்து பிடிக்க வேண்டிய பையன்களோ, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொடுகிற மாதிரி தொட்டுவிட்டுக் கையை உதறுகிறார்கள்.

ஹோலிஸின் வயிற்றெரிச்சல் வேறு. அவருடைய மச்சான் கால்டர்காரன். வருஷா வருஷம் ஜெயித்த கையோடு வாசலில் ஆரஞ்சுக் கொடி ஏற்றிவிடுவான். அதற்கடியில் உட்கார்ந்துதான் ஹோலிஸ் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழியை மெல்ல வேண்டியிருக்கிறது. சாவதற்குள் ஒரு தடவையாவது அந்தக் கொடி இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

அந்த ஆசைக்கு இப்போது ஒரு பெயர் உண்டு. ட்ரேவியன். பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற பையன். கோழிமுட்டை மாதிரி இருக்கிற அந்தப் பந்தை அறுபது கெஜம் தள்ளி, ஓடுகிறவன் மடியில் போடுவான். நாடு முழுக்கக் கல்லூரிகள் கூப்பிட்டும் பெல்ஃபர்ட்டுக்குத்தான் வருவேன் என்று வாய்வார்த்தை சொல்லியிருந்தான். வருகிற புதன்கிழமைதான் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

"அவனைப் பிடிச்சிட்டு வந்தது இவர்தானே" என்றாள் லொரீன்.

ஹோலிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. நம் மைதானத்தையும் பச்சைச் சட்டையையும் பார்த்தால் எவன் வரமாட்டான்? அது தானாக வந்து விழுந்த பழம். அதைப் போய் ஆள் பிடிக்கிற சாமர்த்தியம் என்றால் எப்படி?

"போன வருஷம் என்ன பண்ணினாரு? கால்டர் ஆட்டத்துக்கு முந்தின வாரம், பயிற்சிய அப்படியே போட்டுட்டு நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டுப் போயி, இந்த ட்ரேவியனோட அப்பா சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்துட்டு வந்தாரு. மனுஷனாப் பாத்தா நல்லதுதான். கோச் செய்யற வேலையா அது?"

லொரீன் பலகையை ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. அதற்கடியில் தரகரின் டெலிபோன் நம்பரை எழுதித் தரமுடியுமா, நாளைக்கு அவர் வந்து வேறொன்று நடுகிற வேலை மிச்சம் என்றாள்.

ஹோலிஸ் சுத்தியலைக் கீழே இறக்கினார். "நெசமாவா?"

"நெசமாத்தான். சாயங்காலம் டிவியில சொல்லிடுவாங்க."

அவருக்கு முகமெல்லாம் பல். அதை மறைக்கக் குனிந்து காப்பியை எடுத்துக்கொண்டார். மரியாதைக்கு, கோச் எங்கே போகிறார் என்று கேட்டார்.

"கால்டருக்கு."

வாயிலிருந்த காப்பி மீசைக்கு வந்தது.

போன மாதம் ஒரு ஆட்டம் தோற்றபோது ஹோலிஸ் நட்ட பலகையைத் தொலைக்காட்சியில் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து கூப்பிட்டார்களாம். உங்கள் ஊரில் வேண்டாம் என்றால் எங்களிடம் வாருங்கள் என்று.

ஹோலிஸ் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கடைசி வாய்ப்பில் பந்தை உதைக்கிற வைத்தியத்தை இனி கால்டர்காரன் அனுபவிக்கட்டும். மச்சான் முகத்தை இப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"தாராளமா கூட்டிக்கிட்டுப் போங்க, மிஸ் லொரீன். அடுத்த வருஷம் எங்க ட்ரேவியன் எறியறத உங்க வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் நின்னு பாக்கட்டும். கோச் அவங்களுக்கு, பையன் எங்களுக்கு. இதவிட என்ன வேணும்?"

லொரீன் அவர் கையிலிருந்த காலிக் குவளையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"பையனும் எங்ககூடத்தான் வரான், ஹோலிஸ்."