அக்கரைக்குப் பறந்த நாரை

மீன் சந்தைக்குப் பக்கத்தில் செங்காலன் என்ற நாரை இருந்தது. மீன் குடலும் தலையும் காலடியிலேயே கிடைத்ததால் அது சிறகை விரிப்பதே அபூர்வம். பிள்ளைகள் வளர்ந்து பறந்துவிட்டார்கள். வயிறுதான் கூடவே தங்கிவிட்டது.

ஒருநாள் காலை கூட்டுக்கு ஏறும்போது பாதி மரத்தில் உட்கார்ந்து மூச்சிரைத்தது. நண்பன் நீர்க்காகம் அதைப் பார்த்துவிட்டது.

“என்னண்ணே, இப்படி மூச்சு வாங்குறீங்க?”

“வெயில், தம்பி.”

“வெயில் இன்னும் வரவே இல்லையே. போன வருஷம் உங்க அண்ணனும் இதையேதான் சொன்னார். அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துட்டார்.”

நாரை எழுந்து மீதி மரத்தையும் மெல்ல ஏறியது.

மறுநாள் விடியலிலேயே நீர்க்காகம் வந்து ஏரியைச் சுற்றிப் பறக்க அதை இழுத்துப் போனது. கால்வாசி தூரத்திலேயே, “என்னை விட்டுடுடா” என்று நாரை கெஞ்சியது. நீர்க்காகம் அன்றைக்கு விட்டுவிட்டது. ஆனால் மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சந்தைப் பக்கம் போகவிடாமல் ஏரியிலேயே மீன் பிடிக்கவும் வைத்தது. மூன்று மாதத்தில் நாரை ஏரியை முழுசாகச் சுற்றியது.

தை மாதம், கடலுக்கு அக்கரையில் இருந்த மகளிடமிருந்து சேதி வந்தது. மூன்று குஞ்சுகள் பொரிந்திருந்தன. நாரை அன்றே கிளம்பி, கடலைத் தாண்டிப் போய்ப் பார்த்தது.

திரும்பி வந்ததும் துள்ளுகிற கெண்டை ஒன்றை நீர்க்காகத்தின் முன் வைத்தது.

“எதுக்கண்ணே இது?”

“மூணும் என் அலகைப் பிடிச்சுத் தொங்குதுங்கடா...” நாரை கெண்டையை இன்னும் கிட்டே தள்ளியது. “நீதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தே.”

“நான் எங்கேண்ணே வந்தேன்?”

“சாப்பிடுடா. நாளைக்கு ஏரிக்கு நேரத்தோட வா.”