செம்மணூர் ஜெயிக்க வேண்டும்

ஆலங்காட்டுக் கபடி அணி இறுதிப்போட்டிக்குப் போக வேண்டுமென்றால், இன்று வேறோர் ஊரோடு மோதும் செம்மணூர் ஜெயித்தாக வேண்டும். ஆயுள் முழுக்கச் செம்மணூரைத் திட்டித் தீர்த்த ஆலங்காட்டுத் தவசி, வேறு வழியில்லாமல் அவர்கள் கூட்டத்துக்குள்ளேயே போய் நின்றான். ஆட்டம் சமநிலையில் இருந்தது. கடைசியாகப் பாடிப் போன செம்மணூர்க்காரன் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பாய்ந்தான்.

“வந்துருடா, என் சாமி, வந்துரு!” தவசி தொண்டை கிழியக் கத்தினான்.

கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் அவனை அமுக்கிவிட்டார்கள். நடுவர் விசில் ஊதினார். தவசி அப்படியே மண்ணில் உட்கார்ந்து விம்மினான். பக்கத்தில் நின்ற செம்மணூர்க்காரர் குனிந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

“அழாதய்யா. நம்ம பயலுவ அடுத்த வருசம் அடிச்சுருவானுவ. ஆமா, நீ எந்தத் தெரு?”

தவசி அவர் தோளில் முகத்தை இன்னும் அழுத்திக்கொண்டான்.