சொல்லாமல் விட்ட மூன்று எழுத்து

“ஊட்டியும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். ரெண்டு பேரும் பேசாம வீட்ல கெடங்க!”

லிங்கராஜ் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தே விட்டான். எதிரே அம்மா முத்துக்கனி அசையவில்லை. அப்பா சங்கரபாண்டியன்தான் மீனில் முள் தேடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஓய்வு பெற்றவர்கள் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டைக் கழற்றி, படுக்கப் பலகை அடித்து, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் இடம் பண்ணி வைத்துவிட்டார்கள். மலை மேலே ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டுமாம்!

“எனக்கு அறுபது தாண்டிட்டுலே. பொறந்ததுலேருந்து உப்புக் காத்துதான். உப்புக் கரிக்காத தண்ணிக்குப் பக்கத்துல ஒரு ராத்திரியாவது படுத்து எந்திரிக்கணும். எனக்குன்னு இருக்கது அந்த ஒரு ஆசைதான்” என்றாள் முத்துக்கனி.

“அதுக்கு அப்பா மலையில வண்டி ஓட்டணுமாக்கும்? ஊட்டி ரோட்டுல வளைவு எப்படி இருக்கும்னு தெரியுமா?”

“ஏலே, கப்பல்லேருந்து கண்டெய்னர பூ மாதிரி எறக்கி வச்சவன்லே நான்” என்றார் அப்பா.

“ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் யார்ட்டப்பா போயி நிப்பேன்?” என்ற லிங்கராஜ் உடனே அம்மா பக்கம் திரும்பினான். “என் தலையில கை வச்சு, சுடலைமாடன் சத்தியமா ஊட்டிக்குப் போக மாட்டோம்னு சொல்லும்மா.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். குலசாமி பேரைச் சொல்லிவிட்டால் முத்துக்கனி தலைபோனாலும் மாற மாட்டாள். அது தெருவுக்கே தெரியும்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் தலையில் கை வைத்தாள்.

“சுடலைமாடன் சத்தியமா, ஊட்டிக்குப் போக மாட்டோம். போதுமா?”

ஜெயித்துவிட்டான் லிங்கராஜ்! தன் ஹார்டுவேர் கடைக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். அம்மாவின் பிடிவாதத்தை அப்பாவே இத்தனை வருடத்தில் அசைத்ததில்லை.

ஆனாலும் அம்மா தினமும் அந்த வேனைத் துடைப்பதும், துடைத்த துணியோடு வெறித்து நிற்பதுமாக இருந்ததைப் பார்க்க அவனுக்கு மனசு கேட்கவில்லை. அதனால் ஒரு நாள் காலையில் அவளே வந்து, “ஏலே, நாங்க கொடைக்குப் போயிட்டு வாரோம்” என்றபோது அவன் துள்ளிக் குதிக்காத குறைதான்.

குலசேகரன்பட்டினத்துப் பக்கம் சொந்த ஊரில், சுடலைமாடன் கோயிலுக்கு வருசா வருசம் கொடை நடக்கும். விடிய விடிய மேளமும் சாமியாட்டமும்தான். வெளியூரிலிருந்து வருகிற சொந்தமெல்லாம் பனங்காட்டில் பந்தல் கட்டி, அடுப்பு மூட்டி, அங்கேயே படுத்து எழுந்து வருவார்கள். இந்த மாதம்தானே கொடை என்று அவனுக்கும் நினைவு வந்தது. கூடாரம் போட்டுத் தங்கிய மாதிரியும் ஆயிற்று, சாமி காரியமும் ஆயிற்று!

“தாராளமா போங்கம்மா! கொடைய வேண்டாம்னு சொல்லுவேனா? கடையில ஆள் இல்ல, இல்லன்னா நானும் வந்திருப்பேன்.”

கடையிலிருந்து புதுத் தார்ப்பாய், நைலான் கயிறு, டார்ச் லைட் எல்லாம் அவனே கொண்டுவந்து வேனில் ஏற்றினான். அவன் மனைவி அனுசியா தன் பங்குக்கு இரண்டு ஸ்வெட்டரும் இரண்டு மங்கி குல்லாவும் வைத்தாள்.

“ஏளா, கடற்கரை ஊருக்கு எதுக்கு இது?”

“வெட்டவெளியில படுக்கணும்லா? அத்தைக்குக் குளிரு ஆகாது” என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள் அனுசியா.

வேன் தெருமுனை திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே நின்றான் லிங்கராஜ். பெற்றவர்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தன்னைப் பார்த்துத்தான் ஊர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து போன் போட்டான்.

“ஏம்மா, கொடை எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்குலே! நீயும் வந்திருக்கணும்.”

“மேளச் சத்தத்தையே காணோம்?”

“இங்கன ஏதுலே மேளம்?”

“என்னம்மா சொல்லுத? வீடியோவுல வா.”

திரையில் இரண்டு மங்கி குல்லாக்கள் தெரிந்தன. அப்பா டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் அவன் கடைத் தார்ப்பாய் கூடாரமாகி நின்றது. அதற்கும் பின்னால் பனை இல்லை, பனிதான் இருந்தது. பனிக்குக் கீழே பெரிய ஏரி, ஏரி நிறையப் படகுகள்.

“அம்மா! சாமி சத்தியம் பண்ணிட்டு ஊட்டிக்கா போயிருக்க?”

“சீ, வாயக் கழுவு! சுடலைமாடன் கொடை வாற வெள்ளிக்கெழமைலா? அதுக்கும் இதே வண்டியிலதான் போவோம்” என்ற முத்துக்கனி, உப்பில்லாத காற்றை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டாள். “சத்தியத்தையும் மீறல, பொய்யும் சொல்லல. கொடைக்குன்னுதான்லே சொன்னேன். பின்னாடி ‘கானல்’னு மூணு எழுத்து இருக்கான்னு நீதான் கேக்கல!”